காக்காய்க்கொல்லி விதை

கருமத்தம்பட்டியில் ஈரோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைகிறேன். கடைக்கார பாய் காக்காய்க்கொல்லி விதையை உரலில் இடித்துக்கொண்டிருக்கிறார். மகளின் தலைப்பேனுக்கு மருந்து கேட்ட பெண் காத்து நிற்கிறாள்.

“முழுசாவே குடுங்க பாய், ஊட்ல இடிச்சுக்கறேன்.”

“எண்ணெயில கொழச்சுத்தானுங்க அம்மணி குடுப்பேன். அப்பத்தான் வேறெதுக்கும் ஆகாது.”

அவள் போனதும் நான் படித்ததைச் சொல்கிறேன். விக்டோரியா ராணி காலத்தில் இந்த விதை மலையாளக் கரையிலிருந்து லண்டனுக்குக் கப்பலேறியது. பீரில் தண்ணீர் கலந்தவர்கள், குறைந்த போதையை ஈடுகட்ட இந்த நஞ்சைச் சேர்த்தார்கள். தோல் பதனிட என்று சொல்லி வாங்குவார்கள். விற்றவர்கள் மேற்கொண்டு கேட்கவில்லை.

பாயின் கை நின்றுவிடுகிறது.

“நானும் கேக்கலீங்க. ஜும்மாவுக்கு நேரமாச்சுன்னு ஒருக்கா ஒருத்தனுக்கு முழுசாக் குடுத்துப்போட்டேன். பேனுக்குன்னுதான் சொன்னான். மக்யா நாளு குட்டைல மீனெல்லாம் செத்து மெதக்குது. குத்தகைக்கு எடுத்தவருக்கு அத்தனையும் போச்சு. எதுத்தாப்ல டீ ஆத்தறாரு பாருங்க, அவருதான்.”

“விதை இங்கே வாங்கியதென்று அவருக்குத் தெரியுமா?”

பதில் வருவதற்குள் டீக்கடைக்காரர் இரண்டு கிளாஸோடு வந்துவிடுகிறார்.

“ஏனுங்க பாய், விருந்தாளிக்குக் கசாயத்தக் குடுத்துக் கொன்னுபோடாதீங்க. டீயக் குடிக்கச் சொல்லுங்க.”

பாய் சிரிக்கிறார். டீயில் ஆடை படிகிறது. என் பஸ் வரும்வரை அவர் தன் கிளாஸை வாயருகே கொண்டுபோகவில்லை.