பரண்மேல் மூன்று வீடுகள்

எங்கள் வீட்டுப் பரணில் பதினோரு வருடமாக மூன்று வீடுகள் கிடந்தன. மூன்றும் பொம்மை வீடுகள். மூன்றையும் கட்டத் தொடங்கியது நான், பாதியில் விட்டதும் நான். அவற்றை முடிக்கும் வேகம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், ஆசையால் வரவில்லை, கோபத்தால் வந்தது என்றுதான் சொல்வேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் கோபம் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் தையல்காரி. விழுப்புரத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு தெருவில், வீட்டு முன்னறையில் மிஷினைப் போட்டு ரவிக்கை தைக்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் துணியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, "காலையில வேணும்க்கா" என்று சொல்லிப் போனவர்கள் உண்டு. காலையில் கொக்கி வைத்து, இஸ்திரி போட்டு, கையில் கொடுத்திருக்கிறேன். திருவாமாத்தூர் கோயிலில் கல்யாணம் செய்துகொண்ட எத்தனையோ பெண்கள் நான் தைத்த ரவிக்கையில்தான் மணவறையில் உட்கார்ந்தார்கள். ஒருத்திக்கும் சொன்ன நேரம் தவறியதில்லை. அப்படிப்பட்டவளுக்கு இடுப்பு உயரம்கூட இல்லாத ஒரு வீட்டுக்குக் கூரை போடப் பதினோரு வருடம் போதவில்லை.

முதல் வீடு என் மகளுக்காக. அப்போது அவளுக்குப் பத்து வயது. யாருடைய போனிலோ வெளிநாட்டுப் பொம்மை வீடு ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, அதுபோல வேண்டும் என்று அழுதாள். நானே கட்டித் தருகிறேன் என்று வாய் விட்டேன். மரவாடியில் ஒதுக்கிப் போட்டிருந்த பிளைவுட் துண்டுகளைக் கேட்டு வாங்கினேன். நிஜ வீட்டில் ஓர் அடி என்றால் இதில் ஓர் அங்குலம் என்று கணக்கு வைத்து, தையல் டேப்பாலேயே அளந்தேன். கல்யாணப் பத்திரிகை அட்டையில் கதவுகள். ஊதுபத்திக் குச்சியில் மாடிக் கைப்பிடி. ஜன்னல் கண்ணாடிக்கு, என் வீட்டுக்காரர் கை உடைத்துக்கொண்டபோது எடுத்த எக்ஸ்ரே படத்தை வெட்டி ஒட்டினேன். உள்ளே டார்ச் அடித்தால் ஜன்னலில் அவருடைய முழங்கை எலும்பு தெரியும். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்த வீட்டை ஒரு நாள் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். நன்றாக இருக்கிறது, இல்லை என்று ஒரு வார்த்தை கிடையாது. "சமையல்கட்டு தென்கிழக்குல இல்லியே?" என்று கேட்டார். பொம்மை வீட்டுக்கு எது தென்கிழக்கு? திருப்பி வைத்தால் திசையும் திரும்பிவிடும். இதை அவரிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

அவரைத் திட்ட எனக்கு முழு யோக்கியதை இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. வாசக்கால் ஒட்டவேண்டிய சமயத்தில் ஆடி மாதம் பிறந்துவிட்டது. ஆடியில் யாராவது வாசக்கால் வைப்பார்களா என்று என் கை தானாகவே நின்றது. அட்டைக் கதவுக்கும் ஐஸ் குச்சிச் சட்டத்துக்கும் நானே நல்ல நாள் பார்த்தேன்! ஆவணியில் கல்யாணத் துணிகள் வந்து குவிந்தன. அப்புறம் தீபாவளி, அப்புறம் பொங்கல். அடுத்த ஆடி வந்தபோது மகளுக்குப் பொம்மை மேல் இருந்த ஆசையே போய்விட்டது. வீடு பரணுக்கு ஏறியது.

இரண்டாவது வீடு திண்டிவனத்துக்காக. அங்கே என் வீட்டுக்காரரின் அக்கா இருக்கிறார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். முதல் வீட்டைப் பரணில் பார்த்துவிட்டு, தன் பேத்திக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று அவர்தான் கேட்டார். தடித்த அட்டையில் தொடங்கி, சுவரும் மாடிப்படியும் முடித்து, பதினாறு ஜன்னல் வெட்டி வைத்திருந்தேன். ஒரு நாள் போன் பேசும்போது, பேச்சோடு பேச்சாக, பேத்திக்குப் பாண்டிச்சேரியில் பிளாஸ்டிக் வீடு ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். நான் கட்டிக்கொண்டிருப்பது அவருக்கு ஞாபகத்திலேயே இல்லை. சரிங்க அண்ணி என்றேன். அதுவும் பரணுக்குப் போனது. மூன்றாவது, எங்கள் தெருவில் இருந்த ஒரு டீச்சர் பள்ளிக்கூடக் கண்காட்சிக்காகக் கேட்டது. நாலு சுவர் நிமிர்வதற்குள் அவருக்கு மாற்றல் வந்து ஊரைவிட்டே போய்விட்டார்.

போன வருடம் ஆனி மாதம் பிறந்த இரண்டாம் நாள், முன்னறிவிப்பு இல்லாமல் அண்ணி வந்து இறங்கினார். திண்டிவனத்தில் கிளியனூர் போகும் ரோட்டில் அவர்கள் ஒரு வீடு கட்டுகிறார்கள். அது கூரையோடு நின்று நாலு வருடம் ஆகிறது. ஏன் நின்றது என்பது எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். அண்ணியின் கணவர் வாஸ்து பார்த்துப் பார்த்து மாடிப்படியை மூன்று தடவை இடித்துக் கட்டச் சொன்னார். மூன்றாவது தடவை மேஸ்திரி கரணையைக் கீழே போட்டுவிட்டுப் போனவர் திரும்பவில்லை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அண்ணி சோசியரிடம் போயிருந்தார்.

"சொந்தத்துல யாரோ ஒரு வீட்ட ஆரம்பிச்சி அப்படியே வுட்டு வச்சிருக்காங்க, அது இருக்கற வரைக்கும் உன் வீடு எழும்பாதுன்னு சொல்றாரும்மா. எனக்கு டக்குனு உன் பரண்தான் ஞாபகம் வந்திச்சி" என்றார்.

"அண்ணி, அது அட்டை வீடு."

"அட்டையோ கல்லோ, சுவுரு எடுத்துட்டா வீடுதான். ஒண்ணு முடி, இல்லன்னா ஒடச்சி அடுப்புல போட்டுடு. எதுவா இருந்தாலும் ஆனிக்குள்ள ஜல்தியா பண்ணிடு. நாங்க ரொம்ப பேஜாருல இருக்கறோம்."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அந்தப் பதினாறு ஜன்னலை யாருக்காக வெட்டினேன் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் வீட்டுக்காரர் எழுந்து ஸ்டூலை இழுத்துப் பரணுக்குக் கீழே போட்டார். "முடிக்கறதாவது? ஒடச்சிடலாம்க்கா. சும்மா தூசி அடைஞ்சிக்கினு கெடக்குது" என்றார்.

நான் போய் ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டேன். என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. "யாராவது கைய வச்சீங்கன்னா நடக்கறதே வேற. ஆனிக்குள்ள நானே முடிக்கறேன்" என்றேன். என் குரல் தெருவரைக்கும் கேட்டிருக்கும். ரவிக்கை வாங்க வந்த ஒரு பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள். பதினோரு வருடத்தில் ஒருத்தர்கூட, அதை முடித்துவிட்டாயா என்று கேட்டதில்லை. முதல் தடவையாகக் கேட்டார்கள், அதுவும் அடுப்பில் போடுவதற்காக.

மறுநாள் மூன்றையும் இறக்கினேன். ஆனி கல்யாண மாதம். இருந்தும், புதிதாக வந்த துணிகளை வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "உடம்பு சரியில்லியாக்கா?" என்று கேட்டார்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, வீடு கட்டுகிறேன் என்றேன். எந்த நகரில் பிளாட் வாங்கினேன் என்று விசாரித்தார்கள். உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

முதல் நாலு நாள் கோபத்திலேயே வேலை நடந்தது. ஒவ்வொரு ஆணி அடிக்கும்போதும் ஒருத்தரைத் திட்டினேன். அண்ணிக்கு நாலு ஆணி, வீட்டுக்காரருக்கு ஆறு. சோசியரை நான் பார்த்ததில்லை, அவருக்கும் இரண்டு அடித்தேன். ஐந்தாம் நாள் காலையில் எழுந்தால், கோபம் இருந்த இடம் காலியாக இருந்தது. இதை யாரும் எனக்குச் சொல்லி வைக்கவில்லை. கோபம் ஆளைப் பரண்வரைக்கும் ஏற்றிவிடும், உட்கார்ந்து உப்புத்தாள் தேய்க்க அது கூட வராது. பிளைவுட் ஓரங்கள் ஈரத்தில் உப்பியிருந்தன. இரண்டாவது வீட்டின் அட்டையில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. ஒன்றையும் தொடாமல் மத்தியானம்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதற்குத்தான் அப்படிக் கத்தினாயா என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

அன்று சாயங்காலம் சென்னையில் வேலை பார்க்கும் மகள் போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயோ அம்மா, அத இன்னுமா வச்சிருக்க? தூக்கிப் போடும்மா. யாருக்கு இப்ப அது?" என்றாள்.

அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனாலும் போனை வைத்த பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. யாருக்கு? மகளுக்குக் கட்டினேன், அவள் வளர்ந்ததும் நிறுத்தினேன். அண்ணியின் பேத்திக்குக் கட்டினேன், பிளாஸ்டிக் வந்ததும் நிறுத்தினேன். டீச்சர் போனதும் நிறுத்தினேன். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை என்றால் என் கை நின்றுவிடுகிறது, தைத்த ரவிக்கையை யாராவது வந்து வாங்கிப் போய்த்தானே பழக்கம். என் சொந்த ரவிக்கைக்குக்கூட ஆறு மாதமாகக் கையில் ஓரம் மடித்து எம்மிங் போடாமல் ஊக்கு குத்திக்கொண்டு திரிந்தவள் நான். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தைத் தொட்டுக்கொண்டு கோபமும் திரும்பி வந்தது. இந்தத் தடவை முக்கால்வாசி என் மேல்.

அப்போதே எழுந்துபோய் முதல் வீட்டின் சமையல்கட்டுச் சுவரில் ஓர் ஓட்டை போட்டேன். நான் கல்யாணமாகி வந்த இந்த வீட்டில் சமையல்கட்டுக்கு ஜன்னல் கிடையாது. இருபத்தாறு வருடமாகப் புகையிலும் வேர்வையிலும் நின்றுகொண்டு ஒரு ஜன்னல் கேட்கிறேன். வாஸ்துப்படி அந்தச் சுவரில் திறப்பு ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். என் பொம்மை வீட்டில் அடுப்புக்கு நேர் எதிரே, சுவரில் பாதி அளவுக்கு ஜன்னல் வைத்தேன். மாடியில் மகளுடைய அறை என்று வைத்திருந்ததைத் தையல் அறையாக மாற்றினேன். மிஷின் மட்டும் இருக்கும் அறை. துணி மாட்ட ஒரு கம்பி, உட்கார ஒரு நாற்காலி, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாளை ரவிக்கைக் கொக்கியில் செய்தேன். நிஜமாகவே பூட்டும்.

இரண்டாவது வீட்டைப் பிரித்தேன். மனசு வலித்தது, ஆனால் கரையான் தின்றதுபோக நல்லதாகக் கிடைத்த மாடிப்படியும் ஒன்பது ஜன்னலும் முதல் வீட்டுக்கு வந்தன. மூன்றாவது நாலு சுவர்தானே, மேலே தென்னங்கீற்றைக் கிழித்துப் போட்டு மாட்டுக் கொட்டகை ஆக்கினேன். முதல் வீட்டுக்கு ஒருவழியாகக் கூரை போட்டேன். நூல்கண்டுக் குழலுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து மொட்டைமாடியில் தண்ணீர் டேங்க். மிச்சத் துணியில் திரைச்சீலை. வீட்டுக்காரர் போகும்போதும் வரும்போதும் தாண்டிப் போனார், இதற்குப் பதில் நாலு துணி தைத்திருக்கலாம் என்று முணுமுணுத்தார். விரல்களில் பசை காய்ந்து தோலோடு உரிந்தது. ஆனி முடிய மூன்று நாள் இருக்கும்போது வாசக்காலை ஒட்டினேன். எந்த நேரத்தில் ஒட்டினேன் என்று கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

ஆனி கடைசி நாள் அண்ணி வந்தார். வீட்டை மேசைமேல் வைத்திருந்தேன். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். ஜன்னலில் விரலை விட்டுத் திரையை விலக்கினார். "நல்லாத்தான் பண்ணிருக்கம்மா" என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். காபி போட உள்ளே போனேன். டம்ளரோடு வந்து பார்த்தால், வீட்டுக்காரர் ஒரு பக்கமும் அண்ணி ஒரு பக்கமுமாகப் பிடித்து, என் வீட்டை ஒரு பெரிய கட்டைப்பைக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பண்றீங்க?"

"இத நம்ம புது வீட்டு வாசல்ல வச்சி பால் காய்ச்சணுமாம். அங்கியே ஒரு மூலையில இருக்கட்டும்னு சோசியர் சொல்லிட்டாரு. தம்பிகிட்ட நேத்தே போன்ல கேட்டுட்டனே, உங்கிட்ட சொல்லலியா?"

வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எடுத்துக்கினு போவட்டும்டி. எடத்த அடச்சிக்கினு இருக்குது. நீ வேணும்னா இன்னொண்ணு பண்ணிக்கோ" என்றார்.

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். பையிலிருந்து வீட்டைத் தூக்கி மறுபடி மேசைமேல் வைத்தேன். மாடிக் கைப்பிடியில் இரண்டு ஊதுபத்திக் குச்சி முறிந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது, அழுகையோடு ஆத்திரமும் வந்தது.

"இது திண்டிவனத்துக்கு வராது அண்ணி. முடிக்கச் சொன்னீங்க, முடிச்சிட்டேன். உங்களுக்குத் தடையா இருந்தது போயிடுச்சில்ல? வெறுங்கையோட போகக் கூடாதுன்னா மாட்டுக் கொட்டகைய எடுத்துக்கினு போங்க."

"என் வீடு எழும்பலன்னா உன் தலையிலதான் வுடியும், பாத்துக்கோ."

"விடியட்டும்."

அண்ணி கட்டைப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அவருக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பேத்தி இருக்குதா, வெளயாடறதுக்கு? புள்ளயும் வேலைக்குப் போயிட்டா. அம்பத்திரண்டு வயசுல இத வச்சிக்கினு என்னாம்மா பண்ணப் போற? நீயே உக்காந்து வெளயாடப் போறியா?"

"ஆமாங்க அண்ணி" என்றேன். "விளையாடத்தான் போறேன்."