அண்ணன் போனுக்குப் போன எச்சரிக்கைகள்

லாண்டரிக்காரி தன் வாழ்க்கையில் யாருக்கும் ஒரு தவணை தவறியது கிடையாது. புருஷன் போன பிறகு வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, ஒற்றை வாஷிங் மெஷினோடு தொடங்கிய கடை அது. படுக்கை விரிப்பில் இருக்கும் கறை காப்பியா, மருந்தா, ரத்தமா என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவாள். பதினோரு வருஷம் அந்தக் கறைகளோடு மல்லுக்கட்டியதற்குப் பலனாக, நூற்றிருபது அறை கொண்ட விடுதி ஒன்று அவளைத் தேடி வந்தது. ஒரே நிபந்தனைதான். மாதம் முடிவதற்குள் பெரிய மெஷின் வாங்க வேண்டும், இல்லையென்றால் வேலை பக்கத்துத் தெருக்காரனுக்குப் போய்விடும்.

அதற்காகத்தான் வங்கிக்குப் போனாள். கடன் அதிகாரி கணினியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி கணினியைப் பார்த்தார்.

"உங்க கிரெடிட் ஸ்கோர் ரொம்பக் கீழ இருக்கும்மா. கடன் குடுக்க முடியாது."

"சார், நான் ஒரு தவணைகூட நிறுத்துனதில்லையே!"

"உங்க கடன் இல்லம்மா. உங்க அண்ணன் வேன் வாங்கினப்ப ஜாமீன் போட்டிருக்கீங்க. ஏழு தவணை பாக்கி. அவர் கட்டலைன்னா உங்க கணக்குலயும்தான் ஏறும். எத்தனை மெசேஜ் அனுப்பினோம்!"

"எனக்கு ஒண்ணும் வரலியே."

அதிகாரி திரையை அவள் பக்கம் திருப்பினார். அவள் பெயருக்கு நேரே இருந்தது அண்ணனின் நம்பர்.

அந்த வீட்டுப் பழக்கம் அப்படி. பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ, எந்தப் படிவம் வந்தாலும் அண்ணன் நம்பரைத்தான் எழுதுவார்கள். ஆம்பிளை நம்பர் என்றால்தான் மதிப்பு என்று அப்பா ஆரம்பித்து வைத்தது. ஜாமீன் பத்திரத்திலும் இவள் யோசிக்காமல் அதையே எழுதியிருந்தாள். கடன்காரனைப் பற்றிய எச்சரிக்கை அத்தனையும் கடன்காரன் சட்டைப்பைக்கே ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது! இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

"பாக்கியைக் கட்டிட்டா இந்த மாசமே கடன் கிடைக்குமா?" என்று கேட்டாள்.

"ஸ்கோர் ஏற நாளாகும்மா. இந்த மாசம் கஷ்டம்."

அண்ணன் வீட்டுக்குப் போனபோது அவன் சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"மெசேஜ் வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு. உன்கிட்ட சொன்னா நீ குதிப்ப. அதான் அழிச்சுட்டேன்."

"கூடப் பிறந்தவருக்கு ஒரு கஷ்டம்னா இப்படியா வந்து நிப்பாங்க?" என்றாள் அண்ணி, குழம்புக் கரண்டியும் கையுமாக.

"மெதுவாப் பேசுடி, தெருவுக்கே கேக்குது" என்றாள் அம்மா. தெருவுக்குக் கேட்டதுதான் அவளுக்குக் கவலை, மகளுக்கு விடுதி வேலை கைநழுவுவது இல்லை.

"வேனை வித்தாவது கட்டுண்ணே."

அண்ணன் சிரித்தான். "வேன் எங்க இருக்குன்னு தெரிஞ்சாதானே அவங்க தூக்குவாங்க? மரக்கடைக்குப் பின்னாடி தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்கேன். உன்கிட்டதான் சொல்றேன், வெளிய விட்டுடாத. அவ்வளவு அவசரம்னா பாக்கிய நீயே கட்டிக்கோ. கடை நல்லாத்தானே ஓடுது."

அந்தச் சிரிப்பு வரைக்கும் கட்டிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். அப்பேர்ப்பட்ட ஏமாளிதான் அவள். சிரிப்புக்குப் பிறகு அந்த நினைப்பு அடியோடு போயிற்று.

அன்று மாலையே மரக்கடைப் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, மறுநாள் வங்கி திறக்கும் முன்பே வாசலில் நின்றாள். மரக்கடைக்கு வழியும், தார்ப்பாயின் நிறமும், பின்கதவு எந்தப் பக்கம் என்பதும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"வேன் ஏலம் போனாலும் உங்களுக்கு உடனே கடன் கிடைக்காதும்மா. வித்தும் பாக்கி மிச்சம் இருந்தா அதுக்கும் நீங்க ஜாமீன்தான்" என்று அதிகாரி நினைவுபடுத்தினார்.

"தெரியும். எழுதிக்குங்க" என்றாள்.

மத்தியானத்துக்குள் வேனைத் தூக்கிவிட்டார்கள். அண்ணன் தலைதெறிக்க ஓடி வந்தான். மடித்து அடுக்கிய விரிப்புகள் மேல் கையை ஊன்றிக்கொண்டு, வேலைக்காரப் பெண்கள் முன்னாலேயே கத்தினான்.

"என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே! நீயெல்லாம் தங்கச்சியா?"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தவில்லை.

"நீ என் சோத்துல போட்டு ஏழு மாசமாச்சு. எனக்கு நேத்துதான் தெரிஞ்சுது. கைய எடு, விரிப்பு அழுக்காவுது."