ஜாவா கேசவனும் ஸ்ரீரங்கனின் புது வண்டியும்

எங்கே ஒரு மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு நின்றாலும் கேசவன் அண்ணன் அதன் பின்பக்கம் போய்விடுவார். குனிந்து, சைலன்சர் வாய்க்கு ஒரு சாண் தள்ளி உள்ளங்கையைக் காட்டுவார். பிறகு கையைத் திருப்பி, புகையோடு தெறித்த எண்ணெய்ப் பொட்டுகளைப் பார்ப்பார், முகர்வார். "ஆயில் ஜாஸ்தி ஊத்தறான்", "பிஸ்டன் தேஞ்சி பூட்ச்சி" என்று ஒரே வரியில் தீர்ப்பு வரும். வண்டி யாருடையது என்று பார்க்க மாட்டார். ஒரு கல்யாண மண்டப வாசலில் பட்டு வேட்டியோடு இதைச் செய்துவிட்டு, கையை எதில் துடைத்தார் என்பதற்காகக் கங்கையம்மாள் அண்ணியிடம் வீடு வரைக்கும் திட்டு வாங்கியிருக்கிறார்.

அவர் என் பெரியப்பா மகன். பொழிச்சலூரில் எங்கள் நிலம் பாகம் பிரிந்தபோது என் அப்பா தன் பங்கை விற்று என்னைப் படிக்க வைத்தார். பெரியப்பா விற்கவில்லை. அதனால் அண்ணனிடம் மனைகளும், செங்கல் மணல் வியாபாரமும், ஒரு பழைய ஜாவா மோட்டார் சைக்கிளும் இருந்தன. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிறவன் என்ற பேச்சு மட்டும்தான் என்னிடம் இருந்தது. அந்த ஜாவா தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் கணக்குப் பதிவியல் புத்தகம் எனக்குக் கசக்கும். அவருக்கு என் படிப்பைப் பார்த்தால் கசந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

பம்மலில் ஏசுதாசன் மெக்கானிக் ஷெட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பேர் கூடுவார்கள். வண்டி ரிப்பேருக்கு வருகிறவர்கள் பாதி, பேச வருகிறவர்கள் பாதி. யார் வண்டி வாங்குவதென்றாலும் அங்கேதான் முடிவாகும், முடிவு கேசவன் அண்ணனுடையது. அவர் "எடு" என்றால் எடுப்பார்கள். வண்டி வந்ததும் கோயில் வாசலில் எலுமிச்சம்பழத்தை நசுக்கி முதலில் ஓட்டுவதும் அவர்தான்.

1985இல் ஜப்பான் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து செய்த நூறு சி.சி. வண்டி ஒன்று புதிதாக வந்தது. ஒரு லிட்டருக்கு எண்பது கிலோமீட்டர் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். பக்கத்துக் காலனியில் குடியிருந்த ஸ்ரீரங்கன் சார் அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அவர் பாரீஸ் கார்னரில் ஒரு அரசாங்க ஆபீஸில் கிளார்க். ஆபீஸில் வண்டி அட்வான்ஸ் கிடைக்கும், மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

"என்ன சொல்றீங்க கேசவன்? எடுக்கலாமா?" என்று வாராவாரம் கேட்டார்.

அண்ணனுக்கு வாராவாரம் ஒரு குறை கிடைத்தது. ஒரு வாரம் டயர் சைக்கிள் டயர் மாதிரி என்றார். அடுத்த வாரம், "ஜி.எஸ்.டி. ரோட்ல விழுப்புரம் பஸ்ஸு ஒண்ணு சைடு எடுத்துகினு போனா, அந்தக் காத்துலயே நீ ஏரில கெடப்ப சார்" என்றார்.

"ஏன்ணே, சார் ஏரில கெடந்தா வண்டி யாருக்கு?" என்றான் ஏசுதாசன். "எனக்கு எழுதிக் குடுத்துரச் சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய வாரம் என்னைக் கூட்டிக்கொண்டு அவர் ஒரு பேங்க்குக்குப் போயிருந்தார். இதே வண்டிக்கு லோன் கேட்கத்தான். கண்ணாடி போட்ட ஒருவர் தலை நிமிராமல் "சேலரி ஸ்லிப் இருக்கா?" என்றார். மனை இருக்கிறது என்றார் அண்ணன். பட்டா தாத்தா பேரில் இருந்தது. வெளியே வந்து ஜாவாவை உதைத்தபோது, "மூணு கிரவுண்டு வெச்சிருக்கிறவன் ஒண்ணுமில்ல, ஒண்ணாந்தேதி கை நீட்டறவன் பெரிய மனுசன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் நாளைக்கு அந்த ஆளுதானே" என்றார்.

ஸ்ரீரங்கன் சாரின் அக்கா கணவர், அவர் வாயில் அத்திம்பேர், லக்ஷ்மிநாராயணன் கூடுவாஞ்சேரியில் வாத்தியார். அவருக்கு அந்த வண்டி முதலிலேயே கிடைத்துவிட்டது. பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று நாங்கள் மூன்று பேரும் போனோம். சாரும் நானும் ரயிலில், அண்ணன் ஜாவாவில்.

வாத்தியார் வண்டியை ஸ்டார்ட் செய்தார். அண்ணன் வழக்கம்போலப் பின்னால் போய்க் கையைக் காட்டினார். திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை கழுவிவிட்ட மாதிரி இருந்தது. மறுபடி காட்டினார். முகர்ந்தார். ஒன்றுமில்லை.

"இன்னா சார், ஓடுதா நின்னு பூட்ச்சா?"

"நாலு ஸ்ட்ரோக் சார். பெட்ரோல்ல ஆயில் கலக்கவே வேண்டாம்" என்றார் வாத்தியார், அதைத் தானே கண்டுபிடித்தவர்போல. "ஒரு ரவுண்டு போயிட்டு வாங்கோ. புது எஞ்சின், இன்னும் ரன்னிங் இன்ல இருக்கு, நாப்பதைத் தாண்டாதீங்கோ."

அண்ணன் என்னைப் பின்னால் ஏறச் சொன்னார். மறைமலை நகர் வரைக்கும் போய்த் திரும்புவதாகப் பேச்சு. திரும்பவில்லை. சிங்கப்பெருமாள் கோயில் வரைக்கும் போனோம். முள் ஒரு தடவைகூட நாற்பதைத் தாண்டவில்லை. ஜாவாவில் அவர் பின்னால் உட்கார்ந்தால் கத்தித்தான் பேச வேண்டும். இதில் அவர் மெதுவாகப் பேசினார்.

"டேய் சம்பந்தம், கிளி கத்தறது கேக்குது பாரு. வண்டி ஓட்டச்சொல்லோ நான் கிளி சத்தம் கேட்டதே இல்லடா."

கொஞ்ச தூரம் போய், "தண்ணி மாதிரி போவுதுடா" என்றார். அப்புறம் சினிமாப் பாட்டு ஒன்றை முணுமுணுத்தார். அவர் பாடி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

திரும்பி வரும்போது வாத்தியார் வீட்டுக்கு ஒரு தெரு முன்னால் நிறுத்தினார். தோளில் இருந்த துண்டால் டேங்க்கைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். "போயும் போயும் ஒரு கிளார்க்குக்கு இது" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

வாசலில் ஸ்ரீரங்கன் சார் காத்திருந்தார். "எப்படி?"

"வேணாம் சார். மொபெட்டுக்கு மீசை வெச்ச மாதிரி கீது. வண்டலூர் மேட்டுல தள்ளிகினுதான் போவணும். பேஜாரு."

சாரின் முகம் வாடிவிட்டது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. மடித்த காகிதத்தை அமுக்கிக்கொண்டு என்னிடம் திரும்பினார். "நீ பின்னாடி உக்காந்திருந்தியே தம்பி. நீ சொல்லு."

"நல்லா இருக்கு சார்" என்றேன். "அண்ணனுக்கும் ரொம்பப் புடிச்சிது. பாட்டெல்லாம் பாடினாரு."

வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். அண்ணன் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "படிச்சவன் சொல்ட்டான். வாங்கிக்க சார்" என்று சொல்லிவிட்டு ஜாவாவை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் உண்மையைத்தான் சொன்னேன். உண்மைக்காகத்தான் சொன்னேனா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. ஜாவாமேல் சின்ன வயதிலிருந்து எனக்கிருந்த வயிற்றெரிச்சல் அந்த இடத்தில் கொஞ்சம் குளிர்ந்தது என்பதும் உண்மை.

அன்று ரயிலில் ஊரப்பாக்கம் தாண்டியதும் ஸ்ரீரங்கன் சார் சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்துப் பிரித்தார். பிறகு, "உங்கண்ணா ஜாவால போறச்சே எத்தனையோ நாள் பஸ் ஸ்டாப்ல நின்னு பாத்திருக்கேன்" என்றார். "எரிச்சலா இருக்கும். நம்மளும் ஒரு வண்டி வாங்கணும், அதை இந்த மனுஷன் பாத்து நல்ல வண்டின்னு சொல்லணும்னு தோணும். மைலேஜெல்லாம் அப்புறம்தான்."

வண்டி வந்தது. பிள்ளையார் கோயில் வாசலில் மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, எல்லோரும் காத்திருந்தோம். முதல் ஓட்டு அண்ணனுடையது என்று சார் பிடிவாதமாக இருந்தார். பக்கத்துத் தெருவில் ஜாவா சத்தம் கேட்டது. சார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். சத்தம் இந்தப் பக்கம் திரும்பாமல் நேராகப் போய்விட்டது. குருக்கள் நேரமாகிறது என்றார். சாரே ஏறிப் பழத்தை நசுக்கினார். ஒரு பழம்தான் நசுங்கியது, இன்னொன்று உருண்டு சாக்கடைக்குப் போயிற்று.

அதற்குப் பிறகும் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்கு வந்தார்கள். அரசியல் பேசினார்கள், விலைவாசி பேசினார்கள். சார் மட்டும் வந்ததும் எஞ்சினை நிறுத்த மாட்டார். ஓடவிட்டுவிட்டு, ஏதோ மறந்தவர்போலத் தள்ளி நிற்பார். ஊரில் எல்லா வண்டிக்கும் நீள்கிற கை இந்த வண்டிக்கு நீளவில்லை.

"அண்ணே, சாரு பெட்ரோல் வீணாப் போவுது" என்பான் ஏசுதாசன். "நல்லா கீதுன்னு ஒரு வார்த்தைதான் சொல்லிட்டுப் போயேன். உன் சொத்தா போவுது?"

"அவருதான் ஓட்றாரே. நல்லா இல்லாமயா ஓட்றாரு? நான் வேற சொல்லணுமா?" என்பார் அண்ணன், பீடியைப் பார்த்துக்கொண்டு.

கூடுவாஞ்சேரியோடு விட்டுப்போன பேச்சு அவருக்கும் எனக்கும் மறுபடி ஒட்டிக்கொள்ள ஒரு வருடம் ஆனது. பட்டா அவர் பேருக்கு மாறவே இல்லை. அதே வண்டி பம்மலில் பத்தாகி, நூறாகி, பால்காரர்கள்கூட ஓட்ட ஆரம்பித்த பிறகும் அவர் ஜாவாவை விடவில்லை. எனக்கு ஒரு கம்பெனியில் கணக்கு வேலை கிடைத்து, நானும் சேலரி ஸ்லிப்போடு அந்த வண்டியைத்தான் வாங்கினேன். என் வண்டியைப் பார்த்துத் தயங்காமல், "நல்ல வண்டிடா, எடுத்தியே, சரி" என்றார். எனக்கு அது சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும், இருக்கவில்லை. ஸ்ரீரங்கன் சாரிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1992இல் மஞ்சள் காமாலை முற்றி அண்ணன் இறந்துபோனார். நாற்பத்தெட்டு வயது. ஸ்ரீரங்கன் சார் தெருமுனையிலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

காரியம் முடிந்த மறுநாள் மறுபடி வந்தார். அண்ணி காப்பி கொடுத்தார். டம்ளரை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "எதாவது சொன்னாராம்மா? என் வண்டியைப் பத்தி?" என்று கேட்டார்.

"சொல்லல சார்" என்றார் அண்ணி. "நீ தெருவுல போனா மட்டும் எழுந்து ஜன்னலாண்ட வந்து நிப்பாரு. படுக்கைல கெடக்கச்சொல்லோகூட. சத்தமே வராத வண்டி, அவருக்கு எப்டித்தான் காதுல வுழுமோ."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"திரும்பி வந்து படுத்துக்குவாரு. அவ்ளோதான்."

சார் தலையாட்டினார். காப்பி ஆறிப்போயிருந்தது, அப்படியே குடித்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வார்த்தைப்பா. ஏழு வருஷம் ஓட்டியாச்சு. அதைக் குடுக்காமயே போயிட்டாரே" என்றார்.