நான் வெளியே நின்ற இன்னிங்ஸ்

குளிர் ஏறிய இரும்புக்கு ஒரு மணம் உண்டு. கம்பியைப் பிடித்த உள்ளங்கையை முகர்ந்தால் பழைய சாவிக்கொத்தின் மணம் வரும். செயின்ட்-மிஷேலில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டுக்கு வெளிப்புறமாக ஏறும் இரும்புப் படிக்கட்டின் உச்சியில், பத்து வயதில், ஒரு கையில் பால் பையும் மறு கையில் கம்பியுமாக நான் நின்ற ஒக்டோபர் ஞாயிறு பின்னேரத்தை அந்த மணம் இன்றைக்கும் கொண்டுவந்து விட்டுவிடும்.

அப்பாவுக்கு பேஸ்போல் பைத்தியம். டவுன்டவுனில் ஓர் உணவகத்துச் சமையலறையில் வேலை செய்தபோது பிடித்த பைத்தியம் அது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த மனிதர், "மட்டையும் பந்தும் இருந்தாப் போதும், மிச்சத்தை நாங்கள் விளங்கிக்கொள்ளுவம்" என்பார். எங்கள் நகரத்து அணி மூட்டை கட்டிக்கொண்டு அமெரிக்காவுக்குப் போய்விட்டிருந்த காலம். அணி போனதே தவிர பைத்தியம் போகவில்லை. தொலைக்காட்சியில் எந்த அணி நோஞ்சானோ, எதை எல்லோரும் கைவிட்டார்களோ, அதுதான் அப்பாவின் அணி, ஆகவே என் அணியும். அவரோடு ஒட்டியிருந்து பார்த்துப் பார்த்து, எந்தப் பந்தெறிபவன் எப்போது களைப்பான் என்று சொல்லுமளவுக்கு நானும் தேறியிருந்தேன்.

ஆனால் எங்கள் வீட்டில் 'ராசி' என்று ஒன்று இருந்தது. நான் பிறந்த மாதம் அப்பாவின் அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. மூன்று வருடம் கழித்துத் தம்பி பிறந்த கிழமை, இங்கேயே நிரந்தரமாக இருக்கலாம் என்ற கடிதம் வந்தது. இதற்காக யாரும் என்னைக் குற்றம் சொன்னதில்லை. வருகிறவர்களுக்குக் கதை சொல்லும்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்வார்கள், அவ்வளவுதான். 'பெடியன் ராசிக்காரன்' என்று வந்தவர்கள் தம்பியின் கன்னத்தைக் கிள்ளுவார்கள். எனக்குப் பிஸ்கட் தருவார்கள். பத்து வயதுப் பெண்பிள்ளைக்கு அது விளங்காதா? ஒரு தரமாவது, நான் பக்கத்தில் இருக்கும்போது ஒரு நல்ல காரியம் நடந்துவிட வேண்டுமென்று தவித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறு எங்கள் நோஞ்சான் அணிக்கு வாழ்வா சாவா ஆட்டம். தோற்றால் அந்த வருடம் அதோடு சரி. முதல் இன்னிங்ஸிலிருந்து அசையாமல் இருந்தேன், சிறுநீர் முட்டியும் எழும்பவில்லை. கடைசி இன்னிங்ஸ் தொடங்குமுன் ஐந்து ஓட்டங்கள் பின்தங்கியிருந்தோம். அப்பாவின் முகம் வாடிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து அம்மா, தேத்தண்ணிக்குப் பால் இல்லை என்று என்னை மூலையிலிருந்த 'தெப்பனர்' கடைக்கு அனுப்பினார்.

ஓட்டமும் நடையுமாகத் திரும்பிப் படியேறும்போதே உள்ளே ஆரவாரம். கதவைத் திறந்தேன். மூன்று ஓட்டங்கள் எடுத்திருந்தார்கள், ஒருவரும் ஆட்டமிழக்கவில்லை. நான் காலை உள்ளே வைக்கவும் ஒரே பந்தில் இரண்டு பேர் ஆட்டமிழக்கவும் சரியாக இருந்தது. பேஸ்போலில் மூன்று பேர் போனால் இன்னிங்ஸ் சரி. இன்னும் ஒருவன் போனால் கதை முடிந்தது.

"பிள்ளை, ஒருக்கா வெளியில நில்லு," என்றார் அப்பா, திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "நீ போனாப்பிறகுதான் அவங்கள் அடிக்கத் தொடங்கினவங்கள்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தம்பியும் சிரித்தான்.

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அங்கே நின்று நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பிள்ளையாரே, அடிக்க விடாதே என்று கும்பிட்டேன். நான் வெளியே நிற்கும்போதும் அவர்கள் தோற்றால், பிழை என்னுடையதில்லை என்றாகிவிடுமே. அடுத்த கணம் அப்பாவின் வாடிய முகம் நினைவுக்கு வர, இல்லை, இல்லை, வெல்லட்டும் என்று மாற்றிக் கும்பிட்டேன். உள்ளே ஒரு கத்தல், பிறகு இன்னொன்று. இரண்டு ஓட்டங்கள். சமநிலை.

அப்போது அம்மா கதவைத் திறந்தார். "உவருக்கு விசர். குளிருக்குள்ள நிக்காமல் உள்ள வா."

நான் போயிருக்கலாம். நான் பார்த்துக்கொண்டிருக்க அவர்கள் வென்றிருந்தால் ராசிக் கதையே அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் தோற்றால்? "நான் வரமாட்டன்" என்று கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அம்மா பாலை வாங்கிக்கொண்டு போனார். அவர் கதவைச் சாத்திய கையோடு வீடே அதிர்ந்தது. ஹோம் ரன்.

அப்பா பாய்ந்து வந்து என்னைத் தூக்கிச் சுற்றினார். "உன்னாலதான் பிள்ளை வெண்டது! நீ வெளியில நிண்டபடியால்தான்!" அவ்வளவு சந்தோசமாக அவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. அவர் தோளில் முகத்தை வைத்து அழுதேன். வெற்றிக் கண்ணீர் என்று நினைத்து முதுகில் தட்டினார்.

அதன் பிறகு என்னை யாரும் வெளியே அனுப்ப வேண்டியிருக்கவில்லை, நானே போனேன். தம்பியின் பள்ளிக்கூடச் சோதனை முடிவு வந்த அன்று குளியலறைக்குள் ஒளிந்திருந்தேன். அம்மாவுக்குச் சத்திரசிகிச்சை நடந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் பனிக்குள் நின்றேன்; கண் விழித்ததும் அவர் முதலில் தேடியது என்னைத்தானாம்.

இப்போது அந்த வீடு கைமாறிவிட்டது, படிக்கட்டையும் மாற்றிவிட்டார்கள். அப்பா பக்கத்து நகரமான லவாலில் தம்பியோடு இருக்கிறார். சென்ற மாதம் ஒரு ஞாயிறு என் மகளோடு அங்கே போயிருந்தபோது, ஒரு நோஞ்சான் அணி கடைசி இன்னிங்ஸில் தத்தளித்துக்கொண்டிருந்தது. வழக்கம்போல எழும்பிப் பின்வளவுக்குப் போனேன். சற்று நேரத்தில் மகள் வந்து, அம்மப்பா கூப்பிடுகிறார் என்று பிரெஞ்சும் தமிழுமாகச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"என்ன பிள்ளை, இந்தக் குளிருக்குள்ள?" என்றார் அப்பா. சொன்னேன். இருபது வருடத்தில் முதல் முறையாக, படிக்கட்டையும் பால் பையையும் அவருக்குச் சொன்னேன். அவர் யோசித்துப் பார்த்தார்.

"நானோ? அப்பிடிச் சொன்னனானோ? சும்மா பம்பலுக்குச் சொல்லியிருப்பன்."

மறந்தே போய்விட்டார். தீர்ப்புச் சொன்னவருக்கே அது ஞாபகமில்லையென்றால், அதை மாற்றிச் சொல்லும்படி நான் யாரிடம் போய்க் கேட்பது? பொல்லாத கோபம் வந்தது. கோபத்தோடேயே அவர் பக்கத்தில் இருந்தேன். கடைசி ஆள் மூன்று தரம் மட்டையை வீசி மூன்று தரமும் தவறவிட்டான். அப்பா தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, "அடுத்த வருசம் பாப்பம்" என்றார்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நிலத்தில் இருந்த மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் எழும்பி வெளியில போனபடியாலோ தோத்தவங்கள்?" என்று கேட்டாள்.

"இல்லை" என்று நான் கத்திய கத்தலில் பிள்ளை பயந்துபோய் அம்மப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.