காலையில் நிரம்பியிருந்த தாங்கி

எங்கள் லொறியின் பின்கதவைத் திறந்தால் உள்ளே ஒரு குட்டிப் பட்டறை. பெரிய தண்ணீர்த் தாங்கி, மோட்டார், அதன் பக்கத்தில் பித்தளைத் தலை வைத்த பம்ப், சுருட்டி மாட்டிய நீளக் குழாய். லா ஷப்பல் கடைத்தெருவின் மீன்கடை வாசல்களையும் உணவகங்களின் குப்பை அறைகளையும் அதை வைத்துத்தான் கழுவினோம். ஆட்கள் நாங்கள் இரண்டே பேர்.

பாரிஸ் குளிரில் இந்த இயந்திரத்துக்கு எமன் உள்ளே தங்கிவிடும் தண்ணீர்தான். அது உறைந்து பருத்தால் பித்தளையே வெடித்துவிடும். அதனால் நவம்பர் பிறந்தால் வேலை முடிந்த கையோடு தாங்கியை வடிக்க வேண்டும். குழாயில் மிச்சம் இருப்பதை மோட்டாரைக் கொஞ்சம் ஓட்டி வெளியே தள்ள வேண்டும். பிறகு அன்ரிஜெல் என்ற இளஞ்சிவப்புத் திரவத்தை ஊற்றி, குழாய் நுனியில் அந்த நிறம் எட்டிப்பார்க்கும் வரை ஓட்ட வேண்டும். அது உறையாது. பம்ப் காலை வரை பத்திரமாக இருக்கும். பத்து நிமிட வேலைதான், நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

என்னோடு வேலை செய்தவர் வன்னி ஆள், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். போர் முடிந்து அடுத்த வருடம் வந்து சேர்ந்தவர். கேட்டதற்குப் பதில், சொன்னதற்கு வேலை, அவ்வளவுதான். அந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்தில் அன்ரிஜெல் இருந்த பிளாஸ்டிக் கானை அவர் கையில் கொடுத்தபோது எச்சரித்தேன்.

"அண்ணை, இது நஞ்சு. ஆனால் இனிப்பா இருக்குமாம். சின்னப் பிள்ளையள் சர்பத் எண்டு நினைச்சுக் குடிச்சிடுங்கள். கவனம்."

"பிள்ளையள் குடிக்குங்களோ?"

"ஓம். கொஞ்சம் உள்ளுக்குப் போனாலே காணும், உயிர் போயிடும்."

கானை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவசரம், நான் குழாயைச் சுருட்டப் போய்விட்டேன்.

என் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். நான் புறப்பட்டபோது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள், அந்த வருடம் அவளுக்கு ஆறு வயது. அவர்களைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பம் பிரெபெக்தூர் என்ற அரசு அலுவலகத்தில் கிடந்தது. முடிவு வரும்வரை வேலை அறுந்துவிடக் கூடாது, மாதா மாதம் சம்பளத்துண்டு வந்துகொண்டே இருக்க வேண்டும். அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதற்குள் மகள் என்னை 'ஸ்கைப் அப்பா' என்றே முடிவு கட்டிவிடுவாள் என்று பயந்தேன்.

டிசம்பரில் ஒரு காலை, மோட்டாரைப் போட்டதும் பம்பிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. பித்தளைத் தலையில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. உள்ளே இருந்தது பனிக்கட்டி.

முதலாளி பாண்டிச்சேரிக்காரர், சத்தம் போடமாட்டார். "இன்னொரு பம்பு போச்சுன்னா உங்க கொந்த்ராவும் போச்சு, முசியே" என்றார். கொந்த்ரா என்றால் வேலை ஒப்பந்தம். தாங்கியை வடித்துவிட்டுத்தான் போனேன் என்று நான் சத்தியம் செய்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நானே என்னைச் சந்தேகித்தேன்.

புதுப் பம்ப் வந்த அன்று எல்லாவற்றையும் இரண்டு தடவை செய்தேன். இளஞ்சிவப்பு நிறம் வருவதைக் கைபேசியில் படமும் எடுத்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு, இருட்டோடு இருட்டாக முற்றத்துக்கு வந்தேன். லொறி நிற்கும் முற்றம் ரூ பஜோல் தெருவிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தின் கடைசியில், ரயில் பாதைச் சுவரோடு ஒட்டி இருந்தது. கேற்றுப் பூட்டுக்குத் திறப்பு இரண்டு: ஒன்று என்னிடம், மற்றது வன்னி அண்ணையிடம்.

தாங்கியின் மூடியைத் திறந்து டோர்ச் அடித்தேன். விளிம்பு வரை தண்ணீர், மேலே பனியாடை. இரவு குளிர் சற்று இரக்கம் காட்டியிருந்ததால்தான் பம்ப் தப்பியது. லொறிக்கு அடியில் பனியில் இளஞ்சிவப்பாக ஒரு கறை, இரத்தத்தைத் தண்ணீர் விட்டுக் கரைத்த மாதிரி. சுவர் ஓரத்துத் தண்ணீர்க் குழாயிலிருந்து லொறி வரை காலடிகள் வந்தும் போயும் கிடந்தன. குனிந்து பார்த்தேன், ஐந்து விரலும் பதிந்திருந்தது. யாரோ வெறுங்காலோடு பனியில் நடந்திருக்கிறார்கள்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். அன்று கோபம் வரவில்லை. லொறியின் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் வந்து "என்ன தம்பி, சுகமில்லையோ?" என்று கேட்டார். சப்பாத்து, காலுறை எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தார். ஒன்றுமில்லை என்றேன்.

அன்று மாலை இருவருமாகக் கேற்றைப் பூட்டி, மெற்றோ வரை சேர்ந்து நடந்தோம். அவர் படி இறங்கினார். நான் பால் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு இன்னொரு வழியால் ஓடிவந்து, முற்றத்தின் குப்பைப் பெட்டிகளுக்குப் பின்னால் பதுங்கினேன். ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிட்டது. ஊரில் விளக்கு வைக்கிற நேரம்.

கேற் திறந்தது. அவர்தான். சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் சோடியாக வைத்தார், காலுறையை மடித்து அதற்குள் செருகினார். லொறிக்கு அடியில் குனிந்து தாங்கியின் வடிகுழாய்த் திருகைத் திறந்தார். நான் ஊற்றிய அன்ரிஜெல் எல்லாம் பனியில் ஓடியது. பிறகு வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளி ஊற்றினார். வாய் பேசிக்கொண்டே இருந்தது.

"பொறுங்கோ பிள்ளை. இந்தா, இப்ப நிரம்பிடும். முதல் அந்த நஞ்சு போகட்டும்."

கடைசி வாளியில் ஒரு டம்ளர் மொண்டார். லொறிப் படியில் குந்தி, டம்ளரைத் தாழ்வாக, தன் முழங்கால் உயரத்துக்குப் பிடித்துச் சரித்தார். தண்ணீர் நிலத்தில் விழும் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அந்த நேரம் ஒரு ரயில் போய்க்கொண்டிருந்தது, அதனால் இருக்கலாம். அவர் எழுந்தபோது டம்ளர் வெறுமையாக இருந்தது.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. "அண்ணை, என்ன செய்யிறியள்?" என்று கத்தினேன்.

அவர் திடுக்கிடவில்லை. "பொழுதுபடேக்கை வெறுந்தாங்கியா விட்டிட்டுப் போகேலுமே? இவ இந்த நேரம்தானே வாறவ. இனிப்பா இருக்குமெண்டு நீர்தானே சொன்னனீர்."

"ஆர் வாறது?"

"கடைசி நாளுகளிலை பங்கருக்குள்ளை இருந்தனாங்கள். பொழுதுபடேக்கை கானிலை சொட்டுத் தண்ணி இல்லை. பிள்ளை கேட்டவ. வெளியிலை ஷெல். விடியட்டும், எடுத்து வாறன் எண்டு சொன்னனான். விடிஞ்சாப்போலை அவ கேக்கேல்லை."

பிறகு தன் கால்களைப் பார்த்து, "ஊரிலை தண்ணி அள்ளப் போகேக்கை சப்பாத்துப் போடுறேல்லை" என்றார், நான் கேட்டது அதைத்தான் என்பதுபோல.

அந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் அவரைக் கட்டிப்பிடித்திருப்பான். நான் சத்தம் போட்டேன். "என்ர பிள்ளை இஞ்சை வாறதோ இல்லையோ எண்டது இந்தப் பம்பிலை கிடக்கு, தெரியுமே!"

"உம்மடை பிள்ளைக்கு எத்தினை வயசு?"

"ஆறு."

அவர் முகம் மலர்ந்தது. இரண்டு வருடத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அன்று நானே தாங்கியை வடித்து மறுபடி அன்ரிஜெல் ஏற்றினேன். அவர் படியில் உட்கார்ந்து, பக்கத்து வெற்றிடத்தில் கையை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் முதலாளியிடம் போனேன். வழிகள் இல்லாமல் இல்லை. அண்ணையின் திறப்பை வாங்கி வைத்திருக்கலாம். குடிக்கிற தண்ணீர் ஒரு கான் படியில் வைப்போம் என்று அவரோடு பேசியிருக்கலாம். இதெல்லாம் பிறகுதான் தோன்றியது. பயத்தில் மூளை வேலை செய்யவில்லை என்று சொல்லலாம், ஆனால் அது முழு உண்மையில்லை. என் சம்பளத்துண்டுக்கு ஒரு ஆபத்தும் மிச்சமிருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

"பம்பை உடைச்சது அவர்தான். அந்தாளுக்கு விசர், மூளை சரியில்லை" என்றேன். காரணத்தைச் சொல்லவில்லை. முதலாளி அவரைக் கூப்பிட்டு, "உண்மைங்களா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றார் அவர். அன்றே அவருடைய வேலை போயிற்று.

போகும்போது கேற்றுத் திறப்பை என் கையில் வைத்து மூடினார். "பிள்ளை வந்தாப்போலை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாரும் தம்பி. ரெண்டுக்கும் ஒரே வயசுதானே. இவவுக்கும் இஞ்சை ஒருத்தரும் இல்லை."

அந்தக் குளிர்காலத்தில் பிறகு பம்ப் உறையவில்லை. அடுத்த வருடம் மனைவியும் மகளும் வந்தார்கள். விமான நிலையத்தில் மகள் முதலில் என் ஜக்கெற்றைத் தொட்டுப் பார்த்தாள், பிறகுதான் என்னை. இப்போது அவள் பிரெஞ்சிலேயே என்னோடு சண்டை பிடிக்கிறாள்.

அவர் இப்போது புறநகர் பொபினியில் இரண்டு பேரோடு ஒரு அறையில் இருக்கிறார். கட்டடம் தெரியும், எந்த பஸ் எடுக்க வேண்டும் என்பதும் தெரியும். லா ஷப்பலில் இரண்டு தடவை எதிரே வந்தார். இரண்டு தடவையும் தெருவைக் கடந்து மற்றப் பக்கம் போய்விட்டேன். வெட்கம்தான் என்று மனைவி சொல்கிறாள். இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் மகளைக் கூட்டிக்கொண்டு போகாததற்குக் காரணம் வேறு, அதை மனைவியிடம் சொன்னதில்லை.

அவர் கதவைத் திறப்பார். என் மகளைப் பார்த்துச் சிரிப்பார். பிறகு அறைக்குள் திரும்பி, "வா பிள்ளை, ஆர் வந்திருக்கினம் எண்டு பார்" என்று கூப்பிடுவார். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அவர் கூப்பிட்ட பக்கத்தைப் பார்த்து என் மகள் கை அசைத்துவிட்டால் என்ன செய்வேன்?