சன்னலோரப் பாய்

அனகாபுத்தூரில் ஞானம்மாள் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘டே கேர் ஆயாம்மா’ என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். அஞ்சாவது வரைக்கும் படித்தவள். புருஷன் பிரிட்டோ பல்லாவரத்துக்கும் பம்மலுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். பிள்ளைகள் இல்லை. ஆண்டவர் தன் மடியைக் காலியாக விடவில்லை, பகலுக்கு மட்டும் நிரப்பி அனுப்புகிறார் என்று சொல்லிக்கொள்வாள். வேலைக்குப் போகும் தாய்மார்கள் காலையில் விட்டுப்போகும் பிள்ளைகளுக்குச் சோறூட்டி, கால் கழுவி, மத்தியானம் தூங்கவைப்பது அவள் வேலை.

தூங்கவைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. சன்னல் திரையை இழுத்துவிட்டு, வரிசையாகப் பாய் போட்டு, நடுவில் உட்கார்ந்து கதையை ஆரம்பிப்பாள். அவளிடம் ஒரே ஒரு சட்டம். கேட்கிறவர்கள் ‘உம்’ கொட்ட வேண்டும். உம் கொட்டினால்தான் கதை நகரும். ஒரு ஊரில் ஒரு நரி இருந்ததாம். உம். அதற்கு ஒரே பசியாம். உம். ஒவ்வொரு வாயாக ஓயும். கடைசி உம் நின்றதும் ஞானம்மாளும் கதையை அங்கேயே விட்டுவிட்டு, பால் டம்ளர் கழுவ எழுந்து போவாள். மறுநாள் வேறு கதை. இத்தனை வருஷத்தில் அவள் ஒரு கதையைக்கூட முடித்ததில்லை. நரி பசியோடு நின்றது. ராசகுமாரி குகைக்குள் நின்றாள். பிள்ளைகள்தான் தூங்கிவிட்டார்களே, அப்புறம் முடிவு யாருக்கு என்று இருந்துவிட்டாள்.

போன மழைக்காலம் முடிந்ததும், டே கேரை நடத்துகிற வினிதா அதை ஆற்றுப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்கு மாற்றினாள். கூடம் பெரியது, காற்றும் வரும். சுவரில் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் ஒரு கோடு மட்டும், எத்தனை தடவை பெயிண்ட் அடித்தாலும் பழுப்பாக மேலே வந்தது. பெரிய வெள்ளத்தின்போது தண்ணீர் நின்ற மட்டம்.

அங்கே ஒரு மத்தியானம் அவள் வாயில் புதிதாக ஒரு கதை வந்தது. ஒரு பையன், அவனுக்கு ஒரு ஆட்டுக்குட்டி. ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது. குட்டியைத் தேடிப் போனவன் ஒரு புங்க மரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறான். யாரிடமும் கேட்ட கதையல்ல. யோசித்தும் சொல்லவில்லை. நாக்கில் தானாக வந்தது. உம் ஒவ்வொன்றாகக் குறைந்தது. ஒன்று மட்டும் நிற்கவில்லை.

“தண்ணி மரத்துக்குக் கீழ வந்துடுச்சாம்.”

“உம்.”

“கிளைய புடிச்சிக்கினு அம்மாவக் கூப்பிட்டானாம்.”

“உம்.”

எந்தப் பிள்ளை இன்னும் முழித்திருக்கிறது என்று ஞானம்மாள் குனிந்து பார்த்தாள். எல்லாரும் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்கள். குட்டிப் பெண் சுஜி மட்டும் சன்னலோரத்து வெறும் தரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அவள் உதடு மூடியிருந்தது.

“உம்” என்றது அந்தத் தரை. மேலே சொல்லு என்று அவசரப்படுத்துகிற உம்.

ஞானம்மாள் கழுத்துச் செபமாலையைப் பிடித்துக்கொண்டு சமையல்கட்டுக்கு வந்துவிட்டாள். அங்கே சமையல் செய்கிற கன்னியம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னாக்கா, மூஞ்சி வெளுத்துப் போய்கீது?”

“புள்ளைங்க தூங்குது கன்னிமா. ஆனா யாரோ உம் கொட்றாங்க.”

“உன் கதைக்கு சொவுரே உம் கொட்டுதா? நானா இருந்தா கொறட்டதான் வுட்டுருப்பேன். இன்னா கதை?”

ஞானம்மாள் சொன்னாள். கன்னியம்மாவின் கையில் கரண்டி நின்றது. அவள் அதே தெருக்காரி.

“இத உனுக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல.”

“வெள்ளத்தப்போ இந்த வூட்ல குடியிருந்தாங்களே, அவங்க புள்ளக்கா அது. குட்டியத் தேடிகினு போனான். மரத்து மேல பார்த்தேன்னு ஒருத்தரு சொன்னாரு. விடிஞ்சி பார்த்தா மரமும் இல்ல, புள்ளயும் இல்ல.”

மறுநாளிலிருந்து ஞானம்மாள் கதை சொல்லவில்லை. போனில் பாட்டைப் போட்டுப் படுக்கவைத்தாள். உம் வரவில்லை. ஆனால் சுஜிக்குத் தூக்கமும் வரவில்லை. சோற்றை ஒதுக்கினாள். கண் சன்னலோரத்திலேயே இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக வந்த அம்மா ரேஷ்மா வாசலிலேயே நின்றாள்.

“வீட்லயும் தூங்க மாட்டேங்கறா ஆயாம்மா. ‘அவன் இன்னும் மரத்துலயே இருக்கான்’னு ஒரே அழுகை. நாளுக்கு நாள் எளைச்சிட்டே போறா. திங்கக்கிழமை ஒருநாள் பார்க்கறேன். சரியாகலன்னா வேற இடத்துல விட்டுடறேன். தப்பா நினைச்சுக்காதீங்க.”

ஞானம்மாள் சுஜியைத் தவழ்ந்த நாளிலிருந்து இடுப்பில் சுமந்தவள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தும் அவள் எழுந்திருக்கவில்லை. முட்டிபோட்டபடியே இருந்தாள். பையன் வீடு திரும்பினான் என்று சொன்னால் பொய். அதுவும் கேட்கிறவனுக்கே தெரிந்த பொய். ஆனால் ஒரு பிள்ளையை மரத்தின் மேல் உட்காரவைத்துவிட்டு அவள் எழுந்து வந்திருக்கிறாள். அவனும் கீழே பார்த்துக்கொண்டு இருக்கிறான், அவனைப் பார்த்துக்கொண்டு சுஜியும் இருக்கிறாள். கோயிலைவிட்டு வெளியே வரும்போது ஞானம்மாளுக்குப் பொய்யைப் பற்றிய பயம் போயிருந்தது. மற்ற பயம் அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை திரையை இழுத்துவிட்டு, சுஜியின் தலையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

“அந்தப் பையன் மரத்து மேலயே உக்காந்துருந்தானாம்.”

“உம்.” பிள்ளைகளின் உம்மோடு அதுவும் வந்தது. சேற்று வாடை அடித்தது.

“ஆட்டுக்குட்டி பக்கத்துக் கிளையிலயேதான் இருந்துச்சாம். இவன்தான் இருட்டுல பாக்கல.”

“உம்.”

“தண்ணி கொஞ்சம் கொஞ்சமா வடிஞ்சிதாம். கையில வெளக்கு எடுத்துக்கினு அவங்கம்மா வந்தாங்களாம்.”

உம் வரவில்லை. பிள்ளைகள் தூங்கிவிட்டிருந்தார்கள். சுஜி மூச்சைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தாள். அவனுக்குத் தெரியும், நம்பமாட்டான் என்று ஞானம்மாளுக்குத் தோன்றியது. என்றாலும் விடவில்லை.

“‘ஏன்டா போன’ன்னு அம்மா திட்டல. எறக்கிவுட்டு முந்தானையால தலைய தொவட்டுனாங்க. காஞ்ச சட்ட போட்டுவுட்டாங்க. ரசம் ஊத்தி, சூடா சோறு பெசஞ்சாங்க.”

வெகு நேரம் கழித்து, “உம்.”

“குட்டி அவன் கட்டிலுக்குக் கீழ படுத்துக்கினு தழை மென்னுச்சாம்.”

“உம்.” குரல் இழுத்தது. தூக்கக் கலக்கத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இழுக்கிற மாதிரி.

“அம்மா பக்கத்துலயே படுத்துக்கினு தட்டிக் குடுத்தாங்களாம். அவன் தூங்கிட்டானாம்.”

காத்திருந்தாள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. குனிந்து பார்த்தாள். சுஜி விரலை வாயில் வைத்தபடி நன்றாகத் தூங்கிவிட்டிருந்தாள். டம்ளர் கழுவ ஞானம்மாள் எழுந்திருக்கவில்லை.

இப்போதெல்லாம் அவள் எந்தக் கதையையும் நடுவில் விடுவதில்லை. எல்லாப் பிள்ளையும் தூங்கின பிறகும் நரிக்குச் சோறு கிடைக்கிற வரைக்கும், ராசகுமாரி வீடு சேருகிற வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறாள். சன்னலோரம் ஒரு பாய் கூடுதலாகப் போடுகிறாள்.

“அது யாருக்குக்கா?” என்றாள் கன்னியம்மா ஒருநாள்.

“கெடக்கட்டும் கன்னிமா.”

சாயங்காலம் பிள்ளைகள் எழுந்ததும் பாய்களைச் சுருட்டுவாள். மற்ற பாய்களைப் போலவே சன்னலோரப் பாயும் கதகதப்பாக இருக்கும்.