சட்டைப்பையில் நான் தைத்த ற

பிள்ளைகளே, அப்பா என்ன வேலை செய்கிறார் என்று யாராவது கேட்டால், ‘டெய்லர்’ என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறீர்கள். பரவாயில்லை. ஆனால் நான் துணி வெட்டுவதில்லை. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, படத்தை எம்பிராய்டரி மெஷினுக்குப் புரிகிற தையலாக மாற்றிக் கொடுக்கிறேன். தேக்கா சந்தையின் மாடியில் அத்தனை தையல்கடைகள் இருந்தும் எங்கள் கடையைத் தேடி ஆட்கள் வருவது அதற்குத்தான்.

மெஷினுக்குப் படம் தெரியாது. ஊசி எங்கே இறங்க வேண்டும், அடுத்து எங்கே போக வேண்டும், எங்கே நூலை அறுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக நாம்தான் சொல்ல வேண்டும். மெல்லிய கோடு என்றால் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக நெருக்கமாக ஓடுகிற தையல். அகலமான இடம் என்றால் பாய் பின்னுவது போல நிரப்புகிற தையல். இரண்டுக்கும் முன்னால், துணி நகராமல் பிடித்துக்கொள்ள அடியில் இலேசாக ஒரு தையல். நூல் துணியை இழுக்கும். வட்டத்தை வட்டமாகவே வரைந்து கொடுத்தால் முட்டையாக வந்து நிற்கும். அதனால் இழுக்கிற பக்கம் கொஞ்சம் கூட்டி வரைய வேண்டும்.

இதெல்லாம் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிடும். எனக்கும் வந்தது. வந்த பிறகுதான் இது நடந்தது.

போன வருடம் புக்கிட் மேராவிலிருந்து ஓர் அக்கா வந்தார். கையில் இறந்துபோன கணவரின் வெள்ளைச் சட்டை. பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டு. ‘மரக்காமல் மாத்திரை போடு’ என்று அதில் எழுதியிருந்தது. கணவர் விடியுமுன் வேலைக்குப் போகும்போது தினமும் ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போவாராம். அக்கா அன்றன்றைக்கு அதைக் கிழித்துக் குப்பையில் போட்டிருக்கிறார். மிஞ்சியது இந்த ஒன்றுதான்.

“இத அப்படியே அவர் சட்டப்பையில தச்சுக் குடுங்க தம்பி. அவர் கையால எழுதுன மாதிரியே இருக்கணும்.”

முதலாளி எட்டிப் பார்த்தார். “என்னக்கா, கிளினிக் டாக்டர் எழுதுன மாதிரி இருக்கு?”

“பஸ் ஓட்டுனவரு லா. பஸ்ஸ நேரா ஓட்டுவாரு, பேனாவ மட்டும் கோணலா ஓட்டுவாரு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சீட்டை ஸ்கேன் செய்து, கோட்டுக்குக் கோடு தொடர்ந்து வரைந்தேன். மிகச் சின்னத் தையலை மென்பொருள் தானே தள்ளிவிடும். அதனால் மெய்யெழுத்துப் புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கையால் வைத்தேன். முதல் சொல்லில் கண் நின்றது. ‘மறக்காமல்’ என்றல்லவா இருக்க வேண்டும்? நான் உயர்நிலை நான்கோடு படிப்பை நிறுத்தியவன். என் தமிழ்க் கட்டுரைகளில் விழுந்த சிவப்பு மை பாதி இந்த ர, ற தகராறுதான். செத்தவர் சட்டையில் ஊரே பார்க்கிற மாதிரி ஒரு பிழை கிடக்கலாமா என்று நினைத்தேன். அவருடைய கோணலிலேயே ஒரு ற வரைந்து, மற்ற எழுத்துகளைத் தள்ளி வைத்தேன். நல்ல காரியம் செய்ததாக எனக்குள் ஒரு பெருமை. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சட்டையை வாங்க வந்த அக்கா, பையை விரலால் தடவிக்கொண்டே படித்தார். விரல் நின்றது.

“இது அவர் எழுதல.”

“ஒரு எழுத்து தப்பா இருந்துச்சு அக்கா. திருத்திட்டேன்.”

“தப்புன்னு எனக்குத் தெரியாதா தம்பி? ‘என்ன, மாத்திரை மரத்துலயா காய்க்குது’ன்னு கேலி பண்ணுவேன். நான் கேக்கணும்னே மறுநாளும் அப்படியே எழுதி வைப்பாரு.”

“தமிழ்ப் பரீட்சையில கோட்டு அடிச்ச ஆளு, வாத்தியார் வேலை பாக்குறாரு,” என்றார் முதலாளி. யாரும் சிரிக்கவில்லை.

“உக்காருங்க அக்கா, மாத்தித் தர்றேன்,” என்றேன். சட்டையைப் புரட்டி, பின்பக்க நூலைப் பிளேடால் அறுத்து, முன்பக்கம் இடுக்கியால் ஒவ்வொரு இழையாகப் பிடுங்கினேன். அந்த இடத்தில் ர வைத்துத் தைத்தேன். ற அகலமான எழுத்து, ர ஒல்லி. ர வந்து உட்கார்ந்த பிறகும், பக்கத்தில் ற இருந்த இடம் ஊசி ஓட்டைகளாகத் தெரிந்தது. வெள்ளைத் துணி வேறு.

“இந்த ஓட்டையெல்லாம்?” என்று அக்கா கேட்டார்.

“தண்ணி பட்டா இழை உப்பி முக்கால்வாசி மூடிக்கும் அக்கா. ரெண்டு தடவ துவைச்சீங்கன்னா தெரியாது.”

அக்கா சட்டையின் காலரை முகத்தருகே கொண்டுபோனார். மூச்சை இழுத்து முகர்ந்தார்.

“துவைக்கிறதா இருந்தா அன்னைக்கே துவைச்சிருப்பேனே தம்பி. இது அவர் கடைசியா போட்ட சட்ட.”

மடித்துக் கொடுக்கலாம் என்று கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. ஓட்டைகள் உள்ளே போகும்படி தானே மடித்து எடுத்துக்கொண்டு போனார்.